இரண்டு பாசிமாலைகள்

என் ஓர்ப்படி மசக்கையாக இருப்பதை அவளுக்கு முன்பே நான் கண்டுகொண்டேன். சோறு வடிக்கும்போது ஆவி முகத்தில் அடித்ததும், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். திரும்பி வந்து வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். அன்று மேகமூட்டம். முந்தின வாரத்திலிருந்தே அவள் அடிக்கடி ஒதுங்கப் போவதையும், ரவிக்கையின் மேல் கொக்கியைப் போடாமல் சேலையால் மறைத்துக்கொள்வதையும் பார்த்திருந்தேன். இந்த அடையாளங்கள் எனக்கு மனப்பாடம். மாதாமாதம் என் உடம்பில் தேடிப் பார்த்துக் கிடைக்காதவை அவை.

ஆத்தூர்ப் பக்கம் மல்லிகையும் கத்தரியும் பயிரிட்ட குடும்பம் எங்களுடையது. மூத்த மருமகள் நான். கல்யாணமாகி ஏழெட்டு வருஷமாகியும் பிள்ளை இல்லை. கொழுந்தனாரின் மனைவியான அவள் எனக்குப் பின்னால் வந்தவள். அவளுக்கு மூன்று பிள்ளைகள், அதற்கு மேல் வேண்டாம் என்று இருந்தாள். அவள் வேண்டாம் என்று சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். வேண்டாம் என்று சொல்ல முதலில் கையில் இருக்க வேண்டுமே.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு நாள், திண்டுக்கல் பிரசவ விடுதியிலிருந்து நர்சம்மா ஊருக்கு வந்து பெண்களைக் கூட்டி வைத்துப் பேசினார். மாதத்தின் நடுவில் சில நாள்கள்தான் கரு தங்கும். பிள்ளை வேண்டாதவர்கள் அந்த நாள்களில் புருஷனிடமிருந்து விலகி இருக்க வேண்டும், வேண்டுகிறவர்கள் அந்த நாள்களைத் தவறவிடக் கூடாது என்றார். நினைவு வைத்துக்கொள்ள ஆளுக்கொரு பாசிமாலை கொடுத்தார். தீட்டுப் பட்ட நாள் முதல் பாசி. தினம் ஒன்றாகத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். பச்சைப் பாசி என்றால் பயமில்லை, சிவப்பு என்றால் கரு தங்கும் நாள். நாங்கள் இருவரும் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டோம்.

இரண்டு மாலைகளும் சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்கின. அவளுக்கு எது ஆபத்தான நாளோ, அதுவே எனக்கு நல்ல நாள். அவள் பாசி சிவப்புக்கு வந்தால் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு மாமியாருக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்வாள். என்னுடையது சிவப்புக்கு வந்தால், பூந்தோட்டத்தில் காவலுக்குப் படுக்கும் என் வீட்டுக்காரரை நான் வரச் சொல்லி அனுப்புவேன். வீட்டில் எதுவும் மறைவில்லை.

"ஒருத்தி ஆளைக் கண்டு ஓடுறா, ஒருத்தி ஆள் விட்டுக் கூப்புடுறா. நல்லா இருக்குடி ஒங்க பாசி வெளையாட்டு" என்றார் மாமியார். ஓர்ப்படி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு போன அன்று சாயங்காலம், பாத்திரம் விளக்கும்போது சொன்னேன்.

"நீ முழுகாம இருக்க."

"போக்கா. பாசி பச்சையிலதான இருந்துச்சு" என்றாள். பிறகு விரல்விட்டு எண்ணினாள். சாம்பல் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் இருவரும் பஸ் ஏறித் திண்டுக்கல் போனோம். நர்சம்மா அவளைப் படுக்க வைத்துப் பார்த்துவிட்டு, மாசமாகத்தான் இருக்கிறாள் என்றார். பாசியை எந்த நாளில் தொடங்கினீர்கள் என்று கேட்டார். தலைக்குக் குளித்துவிட்டு வந்துதான் என்றாள் அவள்.

"தூரமா இருக்கையில எப்படி நர்சம்மா தொடுறது? சாமி படத்துக்குப் பக்கத்துலல்ல தொங்குது."

நானும் அப்படித்தான் செய்திருந்தேன். விலக்கான நாள்களில் எங்களுக்குக் கொல்லைச் சாய்ப்புதான்; நான்காம் நாள் தலை முழுகின பிறகே வீட்டுக்குள் வருவோம், எதையும் தொடுவோம். முதல் பாசியை அன்றுதான் தள்ளுவோம். நர்சம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். எங்கள் கணக்கு மூன்று நாள் பின்தங்கியிருந்தது. பச்சை என்று அவள் பயமில்லாமல் இருந்த நாள்களில், சிவப்புக்கு முந்தின கடைசி மூன்று நாள்கள் உண்மையில் சிவப்பு. அதே நாள்களில், இன்னும் நேரம் வரவில்லை என்று என் வீட்டுக்காரரைத் தோட்டத்திலேயே விட்டுவைத்தவள் நான். இருவரும் ஒரே தப்பைச் செய்தோம். அவளுக்கு அது பிள்ளையாயிற்று.

நர்சம்மா அவளைக் கீரை சாப்பிடச் சொன்னார், பாரம் தூக்காதே என்றார், காலில் வீக்கம் கண்டால் உடனே வரச் சொன்னார். அந்த வீக்கத்தின் மேல்கூட எனக்குப் பொறாமை வந்தது. என் பக்கம் திரும்பி, இனிச் சரியாக எண்ணினால் தங்கலாம் என்றார். தங்கும் என்று சொல்லவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, பொறந்ததும் நீயே எடுத்துக்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

மனதாரத்தான் சொன்னாள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

"பிள்ளை இருக்கட்டும்டி. ஒனக்குக் கொமட்டுதுல்ல, அதக் குடுக்க முடியுமா?" என்றேன்.

வேடிக்கை என்று நினைத்துச் சிரிக்க ஆரம்பித்தாள். அதற்குள் பஸ் தோல் பதனிடும் ஷாப்புகளைத் தாண்டியது. ஊறவைத்த தோலின் வாடை ஜன்னல் வழியே அடித்தது. அவள் தலையை வெளியே நீட்டி வாந்தியெடுத்தாள். நான் அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். அதே வாடை என் மூக்கிலும் ஏறியது. என்னை அது ஒன்றும் செய்யவில்லை.