இரண்டு வாபஸுக்கு நடுவில் தானியேல்

ஏளாவூர் காலனியில் தானியேல் வீடு மாறிய கதையை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். சாமான் ஏற்றிய வண்டி வெயிலில் காத்துக் கிடக்க, மனிதர் காலி செய்த வாடகை வீட்டைப் பெருக்கி, கழுவி, சாவியை வீட்டுக்காரர் கையில் கொடுத்து, "வரேங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியில் ஏறினார். ஒன்றை முடிக்காமல் அடுத்ததைத் தொட மாட்டார்.

அப்பாவும் அம்மாவும் பிறர் கழனியில் நாற்று நட்டவர்கள். தானியேல் பத்தாவதில் தோற்று, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் எடுபிடியாக நுழைந்தார். ஃபர்னஸ் ஆபரேட்டராகி, அந்தக் காலனியிலேயே முதலில் பர்மனென்ட் ஆனவரும் அவர்தான். ஆனால் உலையின் வாய் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. இடது கண்ணில் மங்கல், விடாத இருமல். "இனிமே கொஞ்சம் எட்ட நின்னு வேலை பாருப்பா" என்று டாக்டர் சொன்னார். எட்ட நின்றால் உலையை யார் பார்ப்பது?

அந்த நேரம் பார்த்துத் தடா பக்கம் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனி ஆள் எடுத்தது. இன்டர்வியூவில் அதிகாரி கைகொடுத்து, "எடுத்தா வருவீங்கல்ல?" என்றார். "வந்துடறேன் சார்" என்றார் தானியேல். அவரைப் பொறுத்தவரை அதோடு வாக்குக் கொடுத்தாயிற்று. பிறகுதான் மெயில் வந்தது: வேலை தருகிறோம், மாதம் பிறந்ததும் சேர வேண்டும், சம்மதம் என்றால் இந்த மெயிலுக்கே பதில் அனுப்பவும்.

பனியன் பேக்கிங் வேலைக்குப் போகும் அவர் மனைவி மெர்சிதான் அதை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"சரின்னு ஒரு வார்த்தை தட்டி உட்டுடுங்க."

"இருமே. இங்க சம்பளம் வாங்கிக்கினு அங்க சரி சொல்றதா? மொதல்ல இங்க எழுதிக் குடுத்துட்டு வரேன்."

"பெருக்கிட்டுப் போறதுக்கு இது இன்னா வாடகை ஊடா?"

அவர் கேட்கவில்லை. மறுநாள் காலை ராஜினாமாவை எழுதி, 'உடனே விடுவிக்கவும்' என்பதையும் சேர்த்து, ஆலையின் எச்.ஆர். அதிகாரி கல்பனா கையில் கொடுத்தார். "பாத்துட்டு மெயில் பண்றோம்" என்றார் அந்த அம்மா.

ஷிப்ட் முடிந்து வந்து, குளித்து, சட்டை மாற்றி, கோயிலுக்குப் போகிறவர் மாதிரி உட்கார்ந்து போனைத் திறந்தார். தடாவுக்குச் சம்மதம் அனுப்ப வேண்டும். வரிசையில் மேலாக, அந்தக் கம்பெனியிலிருந்தே புதிதாக ஒரு மெயில் இருந்தது. சேரும் தேதியைப் பற்றி இருக்கும் என்று நினைத்து அதைத் தொட்டார். மெர்சி ஒரு தடவை படித்தார். மறுபடியும் படித்தார். அப்புறம்தான் சொன்னார்.

ஆர்டர் குறைந்துவிட்டதாம். முன்பு அனுப்பிய அழைப்பைத் திரும்பப் பெறுகிறார்களாம்.

போட்ட சட்டையோடு ஆலைக்கு ஓடினார். கல்பனா கம்பெனி பஸ்ஸுக்காகப் பையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"மேடம், காலைல குடுத்த லெட்டர வாபஸ் வாங்கிக்கிறேன்."

"மதியமே அக்செப்ட் பண்ணி மெயில் போட்டாச்சே, தானியேல்."

"எனக்கு வரலையே மேடம்."

"வந்திருக்கும், பாருங்க."

வந்திருந்தது. தடா மெயிலுக்கு அடுத்தபடியாக, திறக்காமல், தடித்த எழுத்தில் கிடந்தது.

"நான் இன்னும் படிக்கவே இல்லையே மேடம்!"

"நாங்க அனுப்பிட்டோமே."

அதில் கோபம்கூட இல்லை. பர்மனென்ட் ஆட்களை எப்படிக் குறைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்த ஆலை அது. தானாக வந்த ராஜினாமாவைச் சாயங்காலம் வரைக்குமா வைத்திருக்கும்?

தொழிற்சங்கத் தலைவர் அன்புராஜ், பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஆபீஸில் இரண்டு மெயிலையும் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தானியேலு, விட்டுடுங்கன்னு கேட்டது நீ. சரின்னு அவன் அனுப்பி, அது அவன் கைய விட்டுப் போனதுமே உன்னக் கட்டிடும். நீ படிச்சியா, தூங்கினியான்னு பாக்கமாட்டாங்க. உன் வாபஸ் அதுக்கு முன்னாடி அவன் காதுல விழுந்திருக்கணும்."

"அப்போ தடாக்காரன்? நான்தான் நேர்லயே வந்துடறேன்னு சொன்னேனே தலைவரே."

"அன்னிக்கு அவன் வேலை தரேன்னு எங்க சொன்னான்? மெயில்லதான சொன்னான். அதுக்கப்புறம் நீ இன்னா சொன்ன?"

தானியேல் போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நீ சரி அனுப்புற வரைக்கும் அவன் எப்ப வேணா திருப்பி எடுத்துக்கலாம். ஆனா திருப்பி எடுத்துக்கினது உனக்குத் தெரியணும். அதுவரைக்கும் ஆஃபர் உயிரோடதான் இருக்குது. மேல வந்தத தொறக்காம, கீழ இருந்ததுக்கு சரின்னு போட்டிருந்தா, சண்ட போடவாவது ஒரு இடம் இருந்திருக்கும்யா."

"புதுசா வந்துகீதேன்னு தொறந்தேன் தலைவரே. தொறக்காம எப்படி?"

அன்புராஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "கேஸ் போடலாம். வருஷக்கணக்கா இழுக்கும். ஜெயிப்போம்னு நான் சொல்லமாட்டேன்."

தானியேல் கேஸ் போடவில்லை. வேலை தேடிப் போன இடத்திலெல்லாம் கண்ணைச் சோதித்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். டீக்கடையில், "இன்னா நைனா, தடால ஏசி ரூமா?" என்று கேட்டவனுக்குச் சிரித்துக் காட்டினார். அதற்குப் பிறகு டீக்கடைப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். மெர்சி ஞாயிற்றுக்கிழமையும் பேக்கிங்குக்குப் போக ஆரம்பித்தார்.

ஒருநாள் சின்னராசு போன் செய்தான். ஆலைக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்புகிறவன்.

"அண்ணே, உன் பழைய ஃபர்னஸ்லயே ஆள் கேக்கறாங்க. பர்மனென்ட் இல்ல, நம்ம கான்ட்ராக்ட்ல..."

"வரேன்."

"அட, முழுசா கேளுண்ணே. இந்த வாட்டி இன்னான்னா..."

"வரேன்பா. சரின்னுட்டேன். உனக்குக் கேட்டுச்சில்ல? நான் சொன்னது கேட்டுச்சில்ல?"

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்று சிரித்தபடி அவன் வைத்துவிட்டான்.

அடுப்படியிலிருந்து மெர்சி எட்டிப் பார்த்தார். "எந்த ஷிப்டாம்? கூலி இன்னா தராங்களாம்? கண்ணு இப்படி இருக்குதுன்னு சொன்னீங்களா?"

அவர் சின்னராசுவிடம் எதையும் கேட்டிருக்கவில்லை, எதையும் சொல்லியிருக்கவில்லை. கொடியில் கிடந்த பழைய யூனிஃபார்மை எடுத்து, ஆலையின் பெயர் தைத்திருந்த மார்புப் பையைப் பிளேடால் பிரித்துக்கொண்டிருந்தார். கான்ட்ராக்ட் ஆட்கள் அந்தப் பெயரோடு கேட்டுக்குள் போக முடியாது.