பானட்டுக்கு அந்தப் பக்கம்

“எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு நடந்துச்சு” என்று ஆரம்பிக்கிற கதை இல்லை இது. எனக்கே நடந்தது. என் வண்டிக் கொட்டகையில், கொட்டுகிற மழையில், இரவு எட்டு மணி வாக்கில். நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிவிடலாம். எனக்கு வருத்தமில்லை.

மறுநாள் காலை அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன். இன்னும் தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் மண்ரோடு சேறாகிக் கிடந்ததால் எந்த டாக்சிக்காரரும் வர ஒப்புக்கொள்ளவில்லை. அந்தச் சேற்றைத் தாண்டக்கூடியது என் பழைய ஜீப் ஒன்றுதான். நாலு சக்கரமும் இழுக்கும். வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அன்றைக்குப் பார்த்து அது காலை வாரிவிட்டது.

ஆட்டோமேட்டிக் கியர் வண்டி அது. கியர் ஆயிலைக் குளிரவைக்க, ரேடியேட்டருக்கு முன்னால் சின்னதாக ஒரு கூலர் இருக்கும். அது துருப்பிடித்து ஓட்டையாகி, தரையெல்லாம் சிவப்பு ஆயில். ஆயில் இல்லையென்றால் கியர் பிடிக்காது, வண்டி நகராது. புதுக் கூலரைக் கையில் கொடுத்த கடைக்காரர், “ஒரு மணி நேர வேலைங்க” என்றார். அந்த மனிதரை என் இடத்தில் நிற்கவைத்து வேடிக்கை பார்த்திருக்க வேண்டும்.

மத்தியானம் ஆரம்பித்தேன். முதல் நட்டு அசையவே இல்லை. ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டி கிழிந்தது. எண்ணெய் விட்டேன், தட்டினேன், கெஞ்சினேன், அச்சில் ஏற்ற முடியாத வார்த்தைகளில் திட்டினேன். ஒரு வழியாகக் கழன்றால், புதுக் கூலரின் துளைகள் அதைத் தாங்கும் பழைய இரும்புப் பட்டையோடு பொருந்தித் தொலைக்கவில்லை. பட்டையை வளைத்து, துளை போட்டு மாட்டி, புது ஆயில் ஊற்றி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. எனக்கு அழுகையே வந்தது.

மணி எட்டு பத்து. கடைசி வேலை பாக்கி. ஒருவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, பிரேக்கை மிதித்தபடி கியரை ஒவ்வொன்றாகப் போட்டு எடுக்க வேண்டும். அப்போதுதான் ஆயில் எல்லா இடத்துக்கும் போகும். பிறகு, இன்ஜின் ஓடும்போதே, முன்னால் நின்று ஆயில் குச்சியை உருவி அளவு பார்க்க வேண்டும்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்துவிட்டு முன்னால் போனேன். வண்டியின் மூக்குக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் இடம்தான். சக்கரத்துக்குக் கல் வைக்கவில்லை. எரிச்சலில் மறந்துவிட்டேன்.

“ஏய், வந்து பிரேக்கை மிதி!” என்று வீட்டைப் பார்த்துக் கத்தினேன்.

“வரேன், வரேன்…” என்றாள் மனைவி, உள்ளேயிருந்து.

கொஞ்ச நேரத்தில் வண்டி லேசாகச் சாய்ந்தது. க்ரீச்… என்று ஸ்பிரிங் சத்தம். பின்னால் ஈரத்தரையில் பிரேக் விளக்கின் சிவப்பு விழுந்தது. பானட் திறந்திருந்ததால் சீட் தெரியவில்லை.

கதவு திறக்கிற சத்தம் கேட்கவில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

“மிதிச்சிருக்கியா?”

“ம்.”

“ரிவர்ஸ் போடு.”

டக். வண்டி குலுங்கியது.

“இப்ப டிரைவ்.”

டக்.

“காலை எடுத்துடாதே. நான் நடுவுல நிக்கிறேன்.”

“எடுக்க மாட்டேன்…”

குரல் கரகரவென்று இருந்தது. ஒரு வேலை சொன்னால் பத்துக் கேள்வி கேட்பவள் என் மனைவி. அன்று ஒன்றுகூடக் கேட்கவில்லை. கோபம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

“சரி, பார்க்ல போடு.”

டக் சத்தம் வரவில்லை. வண்டி இன்னும் டிரைவிலேயே இருந்தது.

“பார்க்ல போடுன்னேன்!”

“வரமாட்டேங்குது… நீங்க தள்ளி நில்லுங்க.”

“நான் தள்ளி நின்னா ஆயிலை யாரு பாக்கிறது, உங்கப்பாவா?”

“தள்ளி நில்லுங்க…”

இப்போது அது அழுகிற குரல்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. உள்ளே அம்மா வலியில் முனகுகிறாள், இவள் கியர் போடத் தெரியாமல் அழுகிறாள். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பதற்காக இடுக்கிலிருந்து வெளியே வந்தேன்.

வீட்டுக் கதவு திறந்தது.

மனைவி நின்றாள். கையில் வாந்தி பட்ட துணி.

“அத்தைக்கு முடியலைங்க, அதான் வரல. யார்கிட்ட இப்படிக் கத்திக்கிட்டிருக்கீங்க?”



திரும்பி, கண்ணாடி வழியே உள்ளே எட்டிப் பார்த்தேன்.

சீட்டில் யாருமில்லை.

பிரேக் மட்டும்… அமுங்கியிருந்தது.

மெல்ல மேலே வந்தது.

சிவப்பு அணைந்தது.

தடால்!

நான் நின்றிருந்த இடத்தில், பம்பர் சுவரோடு ஒட்டி நின்றது. செங்கல் பொடி உதிர்ந்தது.

காலையில் அம்மாவை அதே வண்டியில்தான் கொண்டுபோனேன். வேறு வழி? முன்னால் நீட்டிக்கொண்டிருந்த இரும்பு பம்பர் கூலரைக் காப்பாற்றியிருந்தது. அம்மாவும் பிழைத்துக்கொண்டாள். ஆனால் இறக்கத்தில், ஓரிரு இடங்களில், என் கால் படுவதற்கு முன்பே பிரேக் அமுங்கியது. அம்மாவிடம் சொல்லவில்லை.

அம்மா வீடு திரும்பிய பிறகு, ஜீப்பை வாங்கிக் கொடுத்த தரகரைப் பிடித்து உலுக்கினேன். ரொம்ப நேரம் மழுப்பினார்.

“முந்தி வச்சிருந்தவரும் ஆயில் பாக்கத்தான் முன்னாடி நின்னாராம். சீட்ல அவர் சம்சாரம். கால் வழுக்கிடுச்சு. வண்டி அவரைச் சுவரோட வச்சு நசுக்கிக் கொன்னுடுச்சு.”

“அந்தம்மா இப்ப எங்க?”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“அன்னியிலேர்ந்து அந்தம்மா வண்டியை விட்டு இறங்கலையாம். யார் சொல்லியும் கேக்கல. அந்த சீட்லயே உயிர் போயிடுச்சு. பிரேக்கிலேர்ந்து காலை எடுக்க நாலு பேர் வேண்டியிருந்துச்சாம்.”