நடு வரிசையில் இருந்த கோல்

தர்மபுரி ஆஸ்பத்திரியில் பெண்கள் பகுதிக்கு என்னை டாக்டராகப் போட்டபோது, உத்தியோகத்தோடு சேர்ந்து ஊர் கிளப்பின் மெம்பர் பதவியும் வந்து சேர்ந்தது. ஊரில் உள்ள உத்தியோகஸ்தர்கள் எல்லாரும் மெம்பர்கள் என்று கிளப் சட்டத்தில் எழுதியிருந்தார்கள். எழுதியவர்கள் பெண் டாக்டர் ஒருத்தி வருவாள் என்று நினைத்திருக்க மாட்டார்கள். வந்த பிறகு மாற்றி எழுதவும் யாருக்கும் தைரியம் வரவில்லை. அவர்கள் வீட்டுப் பிரசவங்களை நான்தான் பார்க்கவேண்டும்.

முதல் நாள் சாயங்காலம் நான் உள்ளே நுழைந்ததும் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். "யாருக்கு உடம்பு?" என்று ஒருவர் பதறிப்போய்க் கேட்டார்.

"யாருக்கும் ஒண்ணுமில்ல. நானும் மெம்பர். சும்மா வந்தேன்."

மெதுவாக உட்கார்ந்தார்கள். அதன் பிறகு யாரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. என்னால் ஆட்டம் கெட்டுப்போகிறதே என்று ஜன்னலோரம் போய்ப் பழைய பத்திரிகைகளைப் புரட்டினேன். சில நாளில் அவையும் தீர்ந்துபோயின. அப்புறம்தான் பக்கத்து அறையில் 'டக், டக்' என்று கேட்கும் சத்தம் என்ன என்று போய்ப் பார்த்தேன்.

பெரிய பில்லியர்ட்ஸ் மேஜை. எந்தக் காலத்துத் துரையோ வாங்கிப் போட்டது. பச்சைத் துணியில் ஒரு மூலையில் ஒட்டுப் போட்டிருந்தது. முன்சீப் கோர்ட் ஜட்ஜ் தனியாக நின்று பந்தை அடித்துக்கொண்டிருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், நல்ல உயரம், கோர்ட்டில் சிரிக்கவே மாட்டார் என்று பேர். மேஜையைத் துடைத்து, பாயிண்டு குறித்து, பந்தை எடுத்து வைக்கிற மார்க்கர் சுவரோரம் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். ஊரில் மற்றவர்களுக்குச் சீட்டே போதுமானதாக இருந்ததால் ஜட்ஜுக்கு எதிராளி இல்லை.

"உங்களுக்கு ஆடத் தெரியுமா டாக்டர்?" என்றார்.

"தெரியாது. ஊசி போடத் தெரியும்."

கோர்ட்டில் சிரிக்காதவர் அங்கே சிரித்தார். "அது போதும். உங்களுக்குக் கை நடுங்காது இல்லையா, அதுதான் முக்கியம்" என்று ஒரு கோலை எடுத்து நீட்டினார்.

இப்படி ஆரம்பித்தது. மேஜையில் மொத்தமே மூன்று பந்து. அவருக்கு ஒரு வெள்ளை, எனக்குப் புள்ளி வைத்த வெள்ளை, இருவருக்கும் பொதுவாக ஒரு சிவப்பு. என் பந்தால் மற்ற இரண்டையும் தொட்டாலும் பாயிண்டு, குழியில் விழவைத்தாலும் பாயிண்டு. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தினமும் ஆஸ்பத்திரி முடிந்து போய் ஆடினேன். ஒரு வருஷத்துக்கு மேல் ஆனபோது நான் நடுவாந்தர ஆட்டக்காரி ஆகியிருந்தேன். நேரான பந்தைத் தவறவிட மாட்டேன். கொஞ்சம் சாய்வாக இருந்தால் பத்துக்கு ஐந்து பழுதில்லை. அடித்த பிறகு என் பந்து எங்கே போய் நிற்கும் என்பது மட்டும் அதன் இஷ்டம்.

குறை என்னிடம் மட்டும் இல்லை என்று மார்க்கர் சொன்னார். "கோலு பூராம் கோணலுங்க டாக்டரம்மா. மழைக்காலத்துல ஒரு பக்கம் வளையுது, வெயில் காலத்துல மறு பக்கம் வளையுது. நீங்க நேராத்தான் அடிக்கிறீங்க, அது கேக்க மாட்டேங்குது." கிளப் கோல்களில் உருப்படியானது ஒன்றே ஒன்றுதான். அதை ஜட்ஜ் எடுத்துக்கொள்வார். சீனியர் அவர், நான் என்ன சொல்ல முடியும்?

சொந்தமாக ஒரு கோல் வாங்கிவிடலாம் என்று வீட்டில் சொன்னேன். என் கணவர் ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியார். காரிமங்கலத்துப் பக்கம் விவசாயக் குடும்பம். பில்லியர்ட்ஸ் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. ஆனால் நான் ஆடிவிட்டு வருகிற நாட்களில் சந்தோஷமாக இருக்கிறேன் என்று மட்டும் தெரியும்.

"எங்க கிடைக்கும்?"

"பெங்களூர்லதாங்க."

"சரி, சனிக்கிழமை போலாம். எனக்கும் ஒரு குடை வாங்கணும்."

பெங்களூரில் தண்டு என்று சொல்கிற கண்டோன்மென்ட் பக்கத்தில் விளையாட்டுச் சாமான் கடை. முதலாளி கழுத்துப் பட்டியெல்லாம் கட்டிக்கொண்டு வயதானவராக இருந்தார். தண்டுத் தமிழில் சரளமாகப் பேசினார். பில்லியர்ட்ஸ் கோல் வேண்டும் என்றோம். சுவரில் மூன்று வரிசையாகச் சாத்தி வைத்திருந்தார். கீழ் வரிசை கிளப்புகளுக்கு மொத்தமாகப் போகிற மலிவுச் சரக்கு. மேல் வரிசை ராஜாக்களுக்கு. நடுவில் எங்களைப் போன்றவர்களுக்கு.

அவர் மேல் வரிசையிலிருந்து ஒன்றை எடுத்துத் துணியால் துடைத்து என் கணவரிடம் நீட்டினார். "சார் உயரத்துக்கு இது பொருந்தும். பிடிச்சுப் பாருங்க."

என் கணவர் அதை வாங்கி என்னிடம் கொடுத்தார். நான் வாங்கி எடை பார்த்தேன். கடைக்காரர் எனக்கு மரியாதையாகத் தலையசைத்துவிட்டு, அடுத்த கோலை எடுத்து மறுபடியும் அவரிடமே நீட்டினார். "இது கொஞ்சம் லேசு. சார் கொஞ்சம் குனிஞ்சு பாக்கணும்." அதையும் அவர் என்னிடம் கொடுத்தார். மூன்றாவது கோலும் அப்படியே வந்தது. அம்மாள் எதற்காக எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று கடைப் பையன்களுக்குக் குழப்பம்.

"சாருக்கு எவ்வளவு வருஷப் பழக்கம்?"

"எனக்குக் குடை பழக்கம்தாங்க. ஆடறது அவங்க" என்றார் என் கணவர்.

கடைக்காரர் என்னை உச்சி முதல் கால் வரை பார்த்தார். உயரத்தை அளந்தார் என்று அப்புறம்தான் புரிந்தது. அந்த மனிதரைப் பற்றி இன்றைக்கும் எனக்கு நல்ல அபிப்பிராயம்தான். ஒரு நிமிஷம் திகைத்தார், அவ்வளவே. மன்னிப்புக் கேட்டு நேரத்தை வீணாக்காமல் நேரே தொழிலுக்கு வந்துவிட்டார்.

"அம்மா எப்படி ஆடுவீங்க? உள்ளதைச் சொல்லுங்க."

"நடுத்தரம்."

"நல்லது. நல்லா ஆடுவேன்னு சொல்றவங்களுக்குத்தான் கோல் விக்கிறது கஷ்டம்."

கடைக்குப் பின்னால் ஒரு மேஜை இருந்தது. ஒவ்வொரு கோலாக அதன்மேல் உருட்டிக் காட்டினார். நேரான கோல் சத்தமில்லாமல் உருளும். கோணல் கோல் நுனியைத் தூக்கித் தூக்கி ஆடும். கீழ் வரிசையில் இரண்டு அப்படி ஆடின. அவற்றைத் தள்ளினோம். மேல் வரிசையில் ஒன்று என் கணவரின் மனசுக்குப் பிடித்துவிட்டது. அடிப்பக்கம் கருங்காலி மரம், அதில் தந்தத்தால் சின்னச் சின்னப் பூ. "இதுதான் அழகா இருக்குது. இதையே எடுத்துக்கோ" என்றார். எனக்கும் ஆசைதான். குனிந்து நாலு தடவை அடித்தேன். பின்பாரம் அதிகம். என் சின்னக் கைக்குப் பிடி அடங்கவில்லை. நுனியோ மிக மெல்லிசு. ஒரு மயிரிழை பிசகினாலும் பந்து எங்கோ போயிற்று.

கடைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். "மெல்லிசு நுனி பெரிய ஆட்டக்காரங்களுக்கு. அவங்க நினைச்ச இடத்துல அடிப்பாங்க. அம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் மன்னிக்கிற கோல் வேணும். அந்தப் பூவெல்லாம் நீங்க பிடிக்கிற பக்கம் இருக்கு. பந்து அதைப் பாக்கிறதில்ல."

நடு வரிசையிலிருந்து ஒன்றை எடுத்தார். பூ இல்லை, பளபளப்பும் அதிகமில்லை. வெளிர் மரத்தில் ரேகைகள் நுனி வரைக்கும் ஒழுங்காக ஓடின. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். நூல் பிடித்தாற்போல் இருந்தது. நிமிர்த்தி நிறுத்தினால் என் கண் மட்டத்துக்குக் கீழேயே நின்றது. முதல் பந்தை அடித்தபோது 'டக்' என்ற சத்தமே வேறாக இருந்தது. ஸ்டெதாஸ்கோப் வைத்து நல்ல இருதயத்தைக் கேட்கிற மாதிரி. நாலு அடியில் மூன்று தடவை பந்து குழிக்குள் போயிற்று. நாலாவது என் தப்பு.

"இதுதாங்க" என்றேன்.

பூவை இன்னொரு தரம் பார்த்துவிட்டு என் கணவர் தலையாட்டினார்.

ஊர் திரும்பும் பஸ்ஸில்தான் கஷ்டம். தகரக் குழாய் போன்ற உறைக்குள் கோல் இருந்தது. உறையோடு சேர்ந்து அது என் உயரம் இருந்தது. கண்டக்டர் கூரைமேல் போடச் சொன்னார்.

"அங்க போட்டா வெயில்ல வளைஞ்சுரும்" என்றேன்.

"என்னாங்க அது, துப்பாக்கியா?"

"பில்லியர்ட்ஸ் ஆடற கோலுங்க."

"அது கெடக்கட்டும், சுடுமா சுடாதா?"

சுடாது என்று தெரிந்தபின் உள்ளே அனுமதித்தார். நிற்க வைக்க முடியாமல், ஆட்களின் மடிமேலேயே படுக்கப் போட்டோம். என் மடியில் ஒரு முனை, முன் வரிசையில் ஒரு கிழவர் மடியில் மறுமுனை. ஓசூர் தாண்டியதும் அவர், "நாதசுரமா தாயீ?" என்று கேட்டார். இல்லையென்றேன். கிருஷ்ணகிரியில் இறங்கும்போது பக்கத்து ஆள் மடிக்கு ஜாக்கிரதையாக மாற்றிவிட்டு, "உள்ளார கண்ணாடி இருக்குது, ஆட்டாத" என்று அவராகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆள் காரிமங்கலம் வரை மூச்சுக்கூடச் சரியாக விடவில்லை.

சொந்தக் கோல் வந்ததும் முதல் வாரம் முன்னைவிட மோசமாக ஆடினேன். இத்தனை நாள் கோணலுக்கு ஈடு கட்டிக் கட்டிக் கை பழகியிருந்தது. நேரான கோலில் அந்த ஈடுதான் தப்பாகிவிட்டது. பிறகு மெல்லச் சரியாயிற்று. அந்த வருஷம் கிளப் போட்டியில் கடைசி ஆட்டம் எனக்கும் ஜட்ஜுக்கும். சொல்லப்போனால் போட்டியில் பேர் கொடுத்த மற்றவர்கள் சீட்டு மேஜையிலிருந்து பாதி மனசோடு எழுந்து வந்தவர்கள். ஆனால் கடைசி ஆட்டத்தன்று சீட்டுக் கட்டையே யாரும் தொடவில்லை. எல்லாரும் சுவரைச் சுற்றி நாற்காலி போட்டுக்கொண்டார்கள்.

ஆட்டம் பாதி நடக்கும்போது ஜட்ஜின் கோல் நுனியிலிருந்த தோல் கழன்று விழுந்தது. தோல் இல்லாமல் பந்தை அடிக்க முடியாது. மார்க்கர் கோந்து தேடி ஓடினார். கோந்து காய ஒரு ராத்திரி ஆகும். மற்ற கோல்கள் வளைந்தவை. நான் என் கோலை நீட்டினேன்.

"இதுலயே ஆடுங்க. உங்க கை முடிஞ்சதும் குடுங்க."

"எதிராளிக்கு ஆயுதம் குடுக்கலாமா?" என்றார்.

"துப்பாக்கி இல்லீங்களே. சுடாதுன்னு கண்டக்டரே ஒத்துக்கிட்டார்."

இப்படி ஒரே கோலை மாற்றி மாற்றி வாங்கி ஆடினோம். அவர் கொடுக்கும்போது பிடி சூடாக இருக்கும். முதலில் நூறு பாயிண்டு எடுப்பவருக்கு ஜெயம்; இருவரும் கிட்டத்தட்டச் சமமாக அதை நெருங்கும்போது வாசலில் சைக்கிள் மணி கேட்டது. என் கணவர்.

"பாப்பாரப்பட்டியில இருந்து வண்டி கட்டிக் கூட்டியாந்திருக்காங்க. குழந்தை காலு முன்னால வருதாம். நர்ஸம்மா உடனே வரச் சொன்னாங்க."

கோலை ஜட்ஜ் கையில் கொடுத்துவிட்டு ஓடினேன். சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து ஊர் நடுவே போனது அதுதான் முதல் தடவை. ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு "ஆத்தா, காப்பாத்து" என்றாள். கொஞ்ச நேரம் போராட்டம்தான். பெண் குழந்தை. வந்ததும் கத்திய கத்தலில் வாசலில் நின்ற அப்பன் அழ ஆரம்பித்தான். தாய்க்கும் ஒரு குறையில்லை.

மறுநாள் காலையில் நான் வார்டு பார்த்துக்கொண்டிருக்கையில் ஜட்ஜ் ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்து நின்றார். கையில் உறையோடு என் கோல்.

"ஆட்டம் முடிஞ்சுது டாக்டர். நீங்க ஜெயிச்சுட்டீங்க."

"நான் இங்கதானே இருந்தேன்?"

"இத்தனை பேர் உக்காந்திருந்தாங்க. பாதியில விட மனசு வரல. என் கையை நான் ஆடினேன். உங்க கையையும் நான்தான் ஆடினேன். பாரபட்சம் இல்லாம. மார்க்கரைக் கேளுங்க."

பின்னால் நின்ற மார்க்கர், "சத்தியமா அப்படித்தானுங்க. உங்க பந்து வந்தா இன்னும் கவனமா ஆடினாருங்க. அதுலதான் இவரு தோத்துட்டாரு" என்றார். தோற்றதில் ஜட்ஜுக்குச் சற்றுப் பெருமைகூட இருந்ததாகத் தோன்றிற்று. ஜெயித்தவர் பேரைக் கிளப் பலகையில் எழுத ஆளிடம் சொல்லியாயிற்றாம்.

வார்டில் படுத்திருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்க்கும்படி நான் சிரித்துவிட்டேன். "முடியாதுங்க. இந்தத் தீர்ப்பு எனக்குச் சம்மதமில்ல. அப்பீல்."

"ஜெயிச்ச கட்சி அப்பீல் போன கேஸை நான் பாத்ததே இல்லை" என்றார்.

அப்பீல் ஏற்கப்பட்டது. அதற்குள் அவர் கோலுக்கும் தோல் ஒட்டிக் காய்ந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து ஆடினோம். சுத்தமாகத் தோற்றேன். நல்ல ஆட்டம் அது. தோற்றும் வீடு வரை கால் தரையில் படாமல்தான் வந்தேன். பலகையில் அவர் பேர் ஏறிற்று. பெயிண்டர் முதலில் என் பேருக்கு எழுதிவைத்திருந்த 'டாக்டர்' என்பதை அழித்தது இலேசாகத் தெரிந்தது. அதனால் புதிதாக வருகிறவர்கள் ஜட்ஜ் முன்பு வைத்தியம் பார்த்தாரா என்று கேட்பார்கள்.

இதையெல்லாம் கேட்டுக் கேட்டு என் கணவருக்கும் ஆசை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கிளப்பில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கூட்டிப்போனேன். மேஜையைச் சுற்றி வந்து பந்துகளைப் பார்த்தார். "இது வெறும் கோணம்தானே? படுகோணமும் எதிர்கோணமும் சமம். இதுக்கா ஒன்றரை வருஷம் ஆச்சு உனக்கு?" என்று சாக்கட்டியால் காற்றில் ஒரு கோடு போட்டுக் காட்டினார். குனிந்தார். ஒரு கண்ணை மூடினார். ஓங்கி அடித்தார்.

பந்து மேஜையில் எதையும் தொடவில்லை. எழும்பி, திறந்திருந்த ஜன்னல் வழியாகப் போய்விட்டது. வெளியே டென்னிஸ் கோர்ட்டைப் பெருக்கிக்கொண்டிருந்த ஆள், "யாருங்க அது?" என்று சத்தம் போட்டான். என் கணவர் கோலைச் சட்டென்று என் கையில் திணித்துவிட்டு, புதுக் குடையை எடுத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் போலப் பத்திரிகைகள் கிடந்த பக்கத்து அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்.