நேசதுரை மாஸ்ரர் வீட்டுக் கணினி

அன்று சனிக்கிழமை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. எங்கள் பாடசாலை எழுதுவினைஞர் யோகன்.

"ரீச்சர், எங்கடை நேசதுரை மாஸ்ரர் மோசம் போட்டார். விடிய நெஞ்சுக்கை நோகுது எண்டவராம். ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகேக்கையே எல்லாம் முடிஞ்சுதாம்."

"ஆர்?" என்று கேட்டேன். அவர் சொன்னது நன்றாகவே கேட்டிருந்தது. இருந்தாலும் கேட்டேன். அவர் இன்னொருமுறை சொன்னார். முருங்கைக்காய்க்காரி, "அம்மா, எடுக்கிறியளோ, விடுறியளோ?" என்றாள். நான் ஒரு கட்டு முழுவதையும் வாங்கிக்கொண்டு பலாலி வீதிக்கு வந்து, என்னுடைய பஸ்ஸை விட்டுவிட்டு வேறு எங்கோ போகும் பஸ்ஸில் ஏறி, இரண்டு தரிப்பு தாண்டித்தான் இறங்கினேன். அப்போது எனக்கு வந்த முதல் யோசனை, இனிப் பாடசாலைக் கணினிக் கூடத்து லினக்ஸை யார் பார்ப்பது என்பதுதான். ஒரு மனிதர் செத்துப்போன செய்தி கேட்டு இப்படியும் யோசிப்பார்களா? எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது.

அவரை அறிந்தவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பதினான்கு வருடம் ஒரே பாடசாலையில், ஒரே கணினிக் கூடத்தில், ஒரே பாடத்தை நாங்கள் இருவரும் படிப்பித்தோம். அதில் கடைசி இரண்டு வருடம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. இதை மறைத்துவிட்டு, "அன்னார் பழகுவதற்கு இனியவர்" என்று எழுத எனக்கு வராது. அவர் பழகுவதற்கு இனியவரும் இல்லை, நானும் இல்லை. எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு அந்த மனிதர் போனார்?

முதலில் அவருடைய அபிப்பிராயங்களைச் சொல்கிறேன். அவை இல்லாமல் நேசதுரை மாஸ்ரர் இல்லை. பிள்ளைக்கு மடிக்கணினி வாங்கப்போகும் பெற்றோர் எல்லோரும் அவரிடம்தான் வருவார்கள். நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்யும் ஒரு தகப்பன் ஒருநாள் வந்தார். ஐ செவன் புரொசசர் உள்ளதுதான் எடுக்க வேண்டும் என்று கனடாவில் இருக்கும் மைத்துனர் சொல்லிவிட்டாராம்.

"மகள் என்ன படிக்கிறா?" என்று மாஸ்ரர் கேட்டார்.

"கொமேர்ஸ், சேர்."

"கொமேர்சுக்கு ஐ செவனோ? அண்ணை, ரண்டு கண்டு வாழைக்குத் தண்ணி இறைக்க ஆரும் பத்துக் குதிரைவலு மெசின் பூட்டுவினமே? ஐ த்ரீ காணும். மிச்சக் காசுக்கு மெமரியைக் கூட்டுங்கோ."

எனக்குப் பொறுக்கவில்லை. "சும்மா இருங்கோ மாஸ்ரர். நாலைஞ்சு வருசம் பாவிக்கிற சாமான். ஐ ஃபைவ் எண்டாலும் எடுக்கட்டும்" என்றேன்.

"இல்லை ரீச்சர், பிழை." இது அவருடைய வாய்ப்பாடு. நான் காலை வணக்கம் சொன்னாலும் அப்படித்தான் தொடங்குவார். "புரொசசர் எண்டது சம்பந்தம் பேசுறமாதிரி இலக்கம் பாத்துப் பொருத்திறதில்லை. ஆள் என்ன வேலை செய்யப்போகுது எண்டு பாக்கோணும்." நாங்கள் அரைமணி நேரம் வாதாடினோம். அந்த மனிதர் இரண்டுபேர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, போய் மைத்துனர் சொன்னதையே வாங்கினார்.

இணைய உலாவி விஷயமும் அப்படித்தான். அவர் பயர்பாக்ஸ் கட்சி, நான் குரோம். "குரோம் மெமரியைத் தின்னுற தீனிக்கு எங்கடை பழைய மெசினுகள் தாங்காது" என்பார். சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த ஒரு நாள், பிள்ளைகள் எல்லாம் கூடத்துக்குள் வந்து குவிந்துவிட்டார்கள். அவர் பயர்பாக்சோடு ஒரு மூலையில், நான் குரோமோடு மறு மூலையில். யாருடையது முதலில் திறக்கிறது என்று எங்களுக்குள் போட்டி. நாடு முழுவதும் ஒரே பக்கத்தைத் திறந்துகொண்டிருக்கும்போது எது திறக்கும்? இரண்டும் சுற்றிக்கொண்டே இருந்தன. வாசலில் நின்ற ஒரு பிள்ளை தகப்பனின் பழைய பட்டன் போனில் குறுஞ்செய்தி அனுப்பிப் பெறுபேற்றை எடுத்துவிட்டு, "சேர், எனக்கு ஆறு ஏ!" என்று கத்தினாள். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அன்றைக்கு நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பண்டத்தரிப்புத் தேவாலயத்தில் பாடற்குழுவில் நிற்பவர், மற்ற ஆறு நாளும், விண்டோசுக்குப் பதிலாகக் காசில்லாமல் போடக்கூடிய லினக்சைத்தான் பிரசங்கித்தார். "களவாய்ப் போட்ட விண்டோசிலை பிள்ளையளுக்கு ஒழுக்கம் படிப்பிக்கிறதோ ரீச்சர்? வெக்கமாயில்லையே?" என்பார். "நாளைக்கு இதுகள் வேலைக்குப் போற இடத்திலை உங்கடை லினக்ஸ் பென்குயினே இருக்கப்போகுது?" என்று நான் திருப்பிக் கேட்பேன். ஆசிரியர் கூட்டங்களில் மற்றவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டே தேநீர் குடிப்பார்கள். அதுவரைக்கும் அது சண்டையில்லை. எங்களுக்கு அது ஒரு பழக்கம்.

சண்டை வந்தது பரிசளிப்பு விழா அறிக்கையால். அதிபர் வாசிக்கும் அந்த அறிக்கையை ஒவ்வொரு வருடமும் நான்தான் தட்டச்சு செய்வேன், பாமினி எழுத்துருவில். யாழ்ப்பாணத்தில் அச்சகம், செத்தவீட்டுக் கல்வெட்டுப் புத்தகம், கலியாண அழைப்பிதழ் எல்லாம் எத்தனையோ வருடமாகப் பாமினிதான். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அது ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உடுப்பைப் போட்டுவிட்ட மாதிரி. எழுத்துரு கணினியில் இருந்தால் தமிழ் தெரியும். இல்லாவிட்டால் உடுப்புக் கழன்று உள்ளே இருக்கிற ஆங்கில எழுத்து வெளியே தெரியும். விழாவுக்கு மூன்று நாள் முன்பு, ஒரு வாரவிடுமுறையில், மாஸ்ரர் தனியாக இருந்து கூடத்துக் கணினிகள் எல்லாவற்றிலும் லினக்ஸ் போட்டுவிட்டார். கோப்புகளை எல்லாம் கவனமாகப் படியெடுத்து வைத்திருந்தார். எழுத்துருவை அவர் யோசிக்கவில்லை. அவர் எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட்டின் ஆள், பாமினியைக் கையால் தொட்டதில்லை.

திங்கட்கிழமை அறிக்கையைத் திறந்தேன். பாடசாலை என்று நான் அடித்த இடத்தில் ஜி, எச், எல், ஆர் என்று நின்றது. பன்னிரண்டு பக்கமும் அப்படித்தான். 

"உங்கடை விசர் லினக்ஸாலை என்ரை ஒரு மாச வேலையை நாசமாக்கிப் போட்டியள்!" என்று கத்தினேன். அதிபர் நின்றார், மற்ற ஆசிரியர்கள் நின்றார்கள், இரண்டு பெற்றோரும் நின்றார்கள்.

அவர் திரையைக் குனிந்து பார்த்தார். "இல்லை ரீச்சர், பிழை. ஒரு எழுத்தும் குறையேல்லை. நீங்கள் எழுதினதே உப்பிடித்தான்."

உண்மை. உள்ளே இருந்தது அதேதான். ஆனால் அந்த நேரத்தில் ஒரு மனிதர் சொல்லக்கூடிய கதையா அது? கோப்பே கெட்டுவிட்டது என்றுதான் அன்று நினைத்தேன். பழைய கையெழுத்துப் பிரதியை எடுத்து, அலுவலகக் கணினியில் இரண்டு நாளில் முழுவதையும் திரும்ப அடித்தேன். அடிக்கும்போது ஒரு வரியை விட்டேன். "திரு. நேசதுரை அவர்கள் தன் கையால் காத்துவராவிட்டால் எமது கணினிக் கூடம் இன்று இல்லை" என்ற வரி. நானே எழுதிய வரி. விழாவில் அதிபர் அறிக்கையை வாசித்தபோது மாஸ்ரர் ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் நின்றார். எல்லோருக்கும் நன்றி வந்தது, விழாவில் இருக்கக் கதிரை தந்தவருக்குக்கூட. அவருக்கு வரவில்லை. அன்று எனக்கு அது இனித்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதன்பிறகு எங்களுக்குள் பேச்சு இல்லை. ஒரே கூடத்துக்குள் எப்படிக் கதைக்காமல் இருந்தீர்கள் என்று கேட்பீர்கள். சுவருக்குச் சொல்லுவோம். "ஆரும் உந்த ஃபானை நிப்பாட்டினால் நல்லம்" என்று அவர் சுவரைப் பார்த்துச் சொல்வார். "மூண்டாம் மெசின்ரை மவுஸ் வேலை செய்யேல்லையாம்" என்று நான் யன்னலுக்குச் சொல்வேன். மறுநாள் மவுஸ் மாறியிருக்கும். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும்.

இப்போது என்னுடைய களவு. ஆறு மாதத்துக்கு முன்னர் என் மடிக்கணினி விண்டோசைத் தாங்கமாட்டாமல் திணறியது. கூடத்து அலுமாரியில் மாஸ்ரர் வைத்திருந்த பென் டிரைவை எடுத்துக்கொண்டுபோய், வீட்டில் லினக்ஸ் போட்டேன். நன்றாக ஓடியது. அதுவே எனக்குப் பெரிய அவமானம். பிறகு ஒரு யோசனையில், பாமினி எழுத்துருவைக் கொண்டுவந்து அதற்குள் போட்டுவிட்டு அந்தப் பழைய அறிக்கையைத் திறந்தேன். ஐந்து நிமிட வேலை. பன்னிரண்டு பக்கமும் தமிழில் பளிச்சென்று வந்தன. லினக்சிலும் பிழையில்லை, கோப்பிலும் பிழையில்லை. எழுத்துருவைப் போட வேண்டும் என்று இரண்டுபேருக்குமே தோன்றவில்லை, அவ்வளவுதான். திங்கட்கிழமை போய்ச் சொல்லுவம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை அவர் வந்ததும் வராததுமாகச் சுவரைப் பார்த்து, "சிலபேர் குரோமைத் திறந்தால் மூடுறேல்லை" என்றார். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. போ, நீயும் உன்ரை லினக்சும் என்று விட்டுவிட்டேன். ஆறு மாதமாக விட்டேன்.

அடக்கம் முடிந்து இரண்டு வாரம் கழித்து அவருடைய மனைவி ரூபி அக்கா அழைத்தார். நினைவு ஆராதனையில் கொடுக்கும் சிறு மலர்ப் புத்தகத்துக்கு ஒரு நல்ல படம் வேண்டும், மாஸ்ரரின் கணினியைத் திறந்து பார்க்க வேண்டும் என்றார்.

"நான் ஏன் அக்கா? யோகன் வருவாரே" என்றேன்.

"இல்லை ரீச்சர். இதிலை ஏதும் கோளாறு எண்டால் ரீச்சரைத்தான் கூப்பிடோணும், வேறை ஒருத்தரும் தொடப்படாது எண்டு சொல்லிவைச்சவர்."

பண்டத்தரிப்புக்குப் போனேன். கணினியைப் போட்டேன். வந்தது விண்டோஸ். பிழையான கணினியைப் போட்டுவிட்டேனோ என்று மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தேன். அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு கணினிதான். கீழே குரோம். அதைத் திறந்தால் இருபது இணையப் பக்கங்கள் திறந்தபடியே கிடந்தன. நான் கதிரையில் சாய்ந்து இருந்துவிட்டேன்.

"அக்கா, உந்த விண்டோசை எப்ப போட்டவர்?"

"அந்தப் பரிசளிப்பு முடிஞ்ச அடுத்த கிழமை. 'ரீச்சர் உதிலை அப்பிடி என்னத்தைக் கண்டவ எண்டு பாப்பம்' எண்டு சொல்லித்தான் போட்டவர். பேந்து உதிலைதான் எல்லாம்."

படம் தேடப்போன இடத்தில் ஒரு கோப்பு இருந்தது. அறிக்கை. கூடத்திலிருந்து அவர் படியெடுத்து வைத்த அதே பழைய அறிக்கை. திறந்தேன். தமிழில் வந்தது. பாமினியைத் தேடிப்பிடித்துப் போட்டிருக்கிறார். கடைசிப் பக்கத்தில் அவருடைய பெயர் வருகிற வரிக்கு மஞ்சள் அடித்திருந்தது. நான் அடித்ததில்லை அந்த மஞ்சள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ரூபி அக்கா பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

"இதைப் பாத்தவரோ அக்கா?"

"பாக்காமல்? என்னைக் கூப்பிட்டு வாசிச்சுக் காட்டினவர். 'பாரும், ரீச்சர் எழுதித்தான் இருக்கிறா. கோவத்திலை வெட்டிப் போட்டா' எண்டு சிரிச்சவர்."

"பின்னை ஏன் அக்கா என்னோடை கதைக்கேல்லை?"

"நானும் கேட்டனான். 'கோவம் ஆறட்டும், அடுத்த தவணை கதைப்பன்' எண்டவர். பிறகு அதுக்கடுத்த தவணை எண்டவர். உங்களுக்குத்தான் தெரியுமே ரீச்சர், உவரைப் பற்றி."

எனக்குத் தெரியுமா? இப்போது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பாமினியை லினக்சிலேயே போட்டிருக்கலாமே. அவருக்கா அது தெரியாது? தெரிந்துகொண்டுதான் விண்டோஸ் போட்டாரா, அல்லது தன்னுடைய லினக்ஸ்தான் என் வேலையைக் கெடுத்தது என்று கடைசிவரை நம்பிக்கொண்டு போனாரா? நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தச் சந்தேகமே இருந்திராது. போன தவணை ஆசிரியர் கூட்டத்தில் லினக்சைத் தவிர வேறொன்றும் கூடத்துக்குள் வரக்கூடாது என்று அரைமணி நேரம் பேசினார். நான் எழும்பி விண்டோசுக்காக அரைமணி நேரம் பேசினேன். பேசி முடித்துவிட்டு அவர் போய் விண்டோசைத் திறந்திருக்கிறார், நான் போய் லினக்சைத் திறந்திருக்கிறேன். அன்று யார் யாருக்காக வாதாடினோம்? அதிபர் இப்போது கேட்கிறார், "ரீச்சர், இனிக் கூடத்திலை எதைப் போடுவம்?" என்று. பதினான்கு வருடம் அவர் சொன்னதற்கு மாறாகச் சொல்லித்தான் என்னுடைய அபிப்பிராயம் வளர்ந்தது. அவர் முதலில் சொல்லாமல் நான் எதைச் சொல்வேன்? நாளைக்குச் சொல்கிறேன் என்று அதிபருக்குச் சொல்லி இன்றைக்கு ஒன்பது நாள்.

ரூபி அக்கா கணினியையே கொண்டுபோகச் சொன்னார். நான் அந்தக் கோப்பை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். மாஸ்ரரிடமிருந்து நான் வைத்திருப்பது அது ஒன்றுதான். அதில் அவருடைய பெயர் இருக்கிறது, நான் எழுதியது. மஞ்சள் இருக்கிறது, அவர் அடித்தது. என்னைப் பற்றி அவர் தவறாக நினைத்துக்கொண்டு போகவில்லை. அது தெரிந்தால் மனம் ஆறும் என்றுதான் இருந்தேன். ஆறவில்லை. என்ன எழுதினேன் என்று அவர் இரண்டு வருடமாக அறிந்திருந்தார். அதை நான் என் வாயால் சொல்வேன் என்று அந்த இரண்டு வருடமும் அதே கூடத்துக்குள், எனக்கு எட்டடி தூரத்தில் காத்திருந்தார். நான் யன்னலோடு கதைத்துக்கொண்டிருந்தேன்.