ஒன்றரை அடி இடைவெளி

ஊரில் அவரைக் 'காத்தாடி சார்' என்றுதான் சொல்வார்கள். வீடுகளுக்கு வரைபடம் போடுகிறவர். மேற்குச் சுவரில் ஜன்னல் வைக்காதீர்கள், கூரையை நீட்டி விடுங்கள், வெயில் சுவரைத் தொடக் கூடாது என்று நாற்பது வருடம் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசியவர். ஏசி என்று யாராவது வாயெடுத்தால் போதும், மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "காத்து வர்ற வழிய அடைச்சிட்டு கரண்ட்டுக்குக் கப்பம் கட்டுவீங்களா?" என்பார்.

தன் வீட்டில் ஒரு சுவரைக்கூட அவர் கூரை வரை எழுப்பவில்லை. அறைக்கு அறை, சுவருக்கு மேலே ஒன்றரை அடி இடைவெளி. ஒரு பக்கம் நுழைகிற காற்று எல்லா அறைகளையும் நலம் விசாரித்துவிட்டு மறுபக்கம் போகும். உச்சி வெயிலிலும் உடம்பு பிசுபிசுக்காது. ஆனால் காற்று போகிற வழியில் பேச்சும் போகும் என்பது மகனுக்குக் கல்யாணமாகும் வரை அந்த மேதாவிக்கு உறைக்கவில்லை. மனைவி உயிரோடு இருந்தபோது வீட்டில் ரகசியம் பேச வேண்டிய தேவையே வந்ததில்லை.

ஒரு நாள் மதியம் பக்கத்து அறையில் மருமகள் மகனிடம் கிசுகிசுத்தாள். "இன்னும் எத்தனை நாளைக்குங்க உங்கப்பாகூட?"

கேட்டும் கேட்காதது போல இருந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே? தன் கட்டிலில் படுத்தபடியே பதில் சொன்னார். "நான் யாரையும் கட்டிப் போடலம்மா."

அடுத்த மாதமே தனிக்குடித்தனம் போய்விட்டார்கள். மூன்று வருடமாக வீடு குளுகுளுவென்றுதான் இருந்தது. பேச்சுத் துணைக்குத்தான் ஆளில்லை. பிறந்த பேத்தியைக்கூடப் போனில்தான் பார்த்தார். "ஒரு நாலு நாள் வந்துட்டுப் போங்களேன்டா" என்பார். "பாக்கலாம்பா" என்பான் மகன்.

கடைசியில் தச்சரைக் கூப்பிட்டு, மகன் இருந்த அறையின் இடைவெளியைப் பலகை வைத்து அடைக்கச் சொன்னார். தச்சர் ஏணியிலிருந்து இறங்கியே வந்துவிட்டார்.

"சார், நீங்களா சொல்றீங்க? உடம்புக்கு ஏதாச்சும் முடியலையா?"

"அடைப்பா. நாளைக்கு ஏசியும் வருது."

வேலை முடிந்ததும் படம் எடுத்து மகனுக்கு அனுப்பினார். வேறொன்றும் எழுதவில்லை.

வந்தார்கள். நான்கு நாள் இருந்தார்கள். மதியம் முழுக்க அந்த அறைக்கதவு சாத்தியே இருக்கும். உள்ளே பேத்தி சிரிக்கிறாளா, அழுகிறாளா, ஒன்றும் கேட்காது. அவர் ஹாலில் நாற்காலி போட்டு, வெளிச்சுவரில் மாட்டிய ஏசிப் பெட்டியின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தார். கிளம்பும்போது மருமகள், "அடுத்த தடவ பத்து நாள் இருக்கிற மாதிரி வர்றோம் மாமா" என்றாள். மனதாரத்தான் சொன்னாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

கார் தெருமுனையில் திரும்பியதும் உள்ளே வந்தார். ஹாலில் அவர்கள் இருந்த சுவடே இல்லை. பேத்தியின் பவுடர் வாசனையைக் காற்று அதற்குள் அள்ளிக்கொண்டு போய்விட்டிருந்தது. அவ்வளவு நன்றாகக் கட்டிய வீடு.

அடைத்த அறைக்குள் போனார். அங்கே வாசனை அப்படியே நின்றது. ஏசியை நிறுத்தி நேரமாகிவிட்டதால் புழுக்கம் ஏறத் தொடங்கியிருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். முதுகில் வியர்வை வழிந்தது. ஜன்னலைத் திறக்க மனம் வரவில்லை.