குதிரைக்கு ஊற்றிய எண்ணெய்

அந்தப் பெண்குதிரையைக் கொன்றது நான்தான். ஊரில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. கால்நடை டாக்டரம்மாகூடச் சொல்லவில்லை. அவர்கள் சொல்லாததால் நான் செய்தது இல்லையென்று ஆகிவிடாது.

நாகலாபுரத்துக்கு மேற்கே எங்கள் புஞ்சையை ஒட்டிய கண்மாய் முழுக்கச் சீமைக்கருவேலம். பந்தயத்துக்கு ஆகாமல் போன குதிரையை யாரோ லாரியில் கொண்டுவந்து அங்கே இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். அதன் வயிற்றில் குட்டி இருந்தது அந்தப் புண்ணியவான்களுக்குத் தெரியுமோ என்னவோ. முதலில் ஆளைக் கண்டால் பக்கத்தில் வந்து நின்றது. கல்லடி வாங்கி வாங்கி, காட்டு மிருகம் மாதிரி ஓட ஆரம்பித்தது. குட்டியை முள்ளுக்குள்ளேயே ஈன்றது. இரண்டும் மக்காச்சோளத்தில் இறங்கும், ஊர் வெடி போட்டு விரட்டும். நானும் கல் எறிந்திருக்கிறேன்.

கோடையில் கண்மாய் வற்றியதும் தண்ணீருக்காக எங்கள் மாட்டுத்தொட்டிக்கு வந்தது. முன்னங்காலில் முள்கம்பி சுற்றி, சதை பிளந்து, புழு நெளிந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. தவிடு வைத்து வைத்து ஒரு வாரத்தில் தாயையும் குட்டியையும் தொழுவத்துக்குள் வரவைத்துக் கதவை அடைத்தேன். டாக்டரம்மா மயக்க ஊசி போட்டுக் கம்பியை எடுத்தார். அதோடு, கைவிட்ட குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் இடங்களுக்கெல்லாம் போன் போட்டார். பல இடங்களில் கைவிரித்துவிட்டார்கள். கடைசியில் மலையடிவாரத்தில் ஒரு காப்பகம் ஒத்துக்கொண்டது. தொற்றுநோய் இல்லையென்று இரத்தப் பரிசோதனை முடிவு வேண்டும் என்றார்கள். அதுவும் நல்லபடியாக வந்தது. வெள்ளிக்கிழமை வண்டி வருவதாகப் பேச்சு.

இதைக் கேட்டதும் ஊருக்குத் திடீரென்று பாசம் பொங்கிவிட்டது. நேற்றுவரை வெடி போட்டவர்கள் படிக்கணக்கில் மக்காச்சோளம் கொண்டுவந்து கொட்டினார்கள். நான் தடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் குதிரை வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. காலால் தரையைக் கிளறியது, விழுந்து புரண்டது.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். கடம்பூர்ப் பக்கம் ஒரு மாட்டுக்கு ஈற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். “ரெண்டு மணி நேரத்துல வந்துருதேன் அக்கா. மெதுவா நடத்திக்கிட்டே இருங்க. வாயில மட்டும் எதையும் ஊத்திராதீங்க” என்றார்.

நானா கேட்பேன்? இந்தச் சுற்றுவட்டாரத்தில் வயிறு உப்பிய மாடு எத்தனையை எழுப்பி நிறுத்தியிருக்கிறேன். மூங்கில் குழாயை எடுத்தேன். நல்லெண்ணெயில் பெருங்காயத்தைக் கரைத்தேன்.

“ஏட்டி, அவிய வேண்டாம்னு சொல்லுதாவ. நீ ஊத்தித்தான் ஆவணுமாக்கும்?” என்றார் என் வீட்டுக்காரர்.

“அவிய வாரதுக்குள்ள இது செத்துப்போச்சுன்னா? பேசாம தலையத் தூக்கிப் பிடிங்க.”

பிடித்தார். மாட்டுக்கு ஊற்றுகிற மாதிரியே கடைவாயில் குழாயைச் செருகி ஊற்றினேன். பாதி இறங்கியிருக்கும். குதிரை இருமியது. மூக்கு வழியாக எண்ணெய் வழிந்தது.

டாக்டரம்மா வந்து ஊசி போட்டார். மூக்கு வழியாகச் சன்னக் குழாய் விட்டு மருந்து ஏற்றினார். மாலைக்குள் சாணம் போட்டது. வயிற்றுவலி போயே போய்விட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் மட்டும் அதன் நெஞ்சில் கருவியை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். மூக்கோரத்து எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்தார்.

“மாடுன்னு நெனச்சுட்டீங்களா அக்கா?” என்றார். “இது நுரையீரலுக்குள்ள போயிருக்கு.”

புதன்கிழமை காய்ச்சல் கொதித்தது. மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலா ஒட்டியது. இரண்டு நாளும் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, மூக்கில் வழிந்த சீழைச் சேலையால் துடைத்தேன். வியாழக்கிழமை பொழுது சாய்வதற்குள் போய்விட்டது. மண்வெட்டிக்கு இளகாத கரிசலை ஜேசிபி வைத்துத் தோண்டிப் புதைத்தோம். நான் உடுத்தியிருந்ததை மாற்றவில்லை. மாற்றத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை சொன்னபடி வண்டி வந்தது. குட்டி ஏற மறுத்தது. நாலு ஆம்பளைகள் கயிறு கட்டி இழுத்தார்கள். அது மல்லாக்க விழுந்து கத்தியது.

“விடுங்க, அதை இழுக்காதீங்க” என்று ஓடினேன். குட்டி எழுந்து என்னை முகர்ந்தது. மடியை முகர்ந்தது, இடுப்பை முகர்ந்தது. தாயின் வாடை என் சேலையில் இருந்தது.

“அப்படியே வண்டியில ஏறுங்க அக்கா” என்றார் டாக்டரம்மா மெதுவாக.

பலகையில் ஏறினேன். கயிறு இல்லாமலே என் பின்னால் ஏறிவந்து, முந்தானையை வாயில் வைத்துச் சப்ப ஆரம்பித்தது. கதவைச் சாத்த வேண்டும், இறங்குங்கள் என்றார் டிரைவர். அது விடவில்லை. அதன் வாயிலிருந்து நான்தான் பிடுங்கினேன்.