சௌகிட்டில் ஒரு மழைக் காலை

மருத்துவமனைத் தாதிப் பயிற்சிக்கான நேர்முகத் தேர்வுக்குத் தலைநகரிலிருந்து அழைப்பு வந்தபோது, எங்களுக்கு அங்கே தெரிந்தவர் என்று ஒருவர்கூடக் கிடையாது. கோலா பிலா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அம்மாவுக்கும் எனக்கும் பட்டையைக் கீறிப் பால்மரம் வெட்டும் வேலை. இந்த இடம் கிடைக்காவிட்டால் ஆயுள் முழுக்க எனக்கு அந்தக் கத்தியும் வாளியும்தான். முந்தின நாளே போய்த் தங்குவது என்று அம்மா முடிவு செய்தாள். எங்கள் கைக்காசுக்கு அடங்கிய ஓட்டல் தலைநகரின் சௌகிட் வட்டாரத்தில்தான் இருந்தது.

“வயசுப் புள்ளய அங்கயா தங்க வைப்ப? வேணாம்லா, கெட்ட எடம்,” என்றார் எங்களை மேய்க்கும் கங்காணி மண்டோர்.

“நான் கூட இருக்கேன்ல?” என்றாள் அம்மா. அதற்குமேல் அவளிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது.

ஓட்டல் இருந்த சந்து முனையில் குடிகாரர்கள் சுருண்டு கிடந்தார்கள். ஓட்டல் மட்டும் ஒய்யாரமாக நின்றது. பழைய கடைவீட்டுக்கு ரோஸ் சாயம், அறைக்கு அறை வேறு நிறத்தில் திரைச்சீலை, குளியலறையில் பூப்போட்ட சோப்பு. அம்மா சோப்பை மோந்து பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்தாள்.

சந்தில் இருந்தவர்களால் ஒரு தொல்லையும் வரவில்லை. கெடுத்தது எங்கள் பழக்கம்தான். விடியுமுன் விழித்தோம். வெளியே கொட்டோ கொட்டென்று மழை. பட்டை நனைந்தால் பால் வெட்ட முடியாது. தோட்டத்தில் மழை என்றால் அன்று வேலை கிடையாது.

“மழ பேயுதுடி, படு,” என்றாள் அம்மா. நானும் நிம்மதியாக இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

“அடிப்பாவி, இது தோட்டம் இல்லடி!” என்ற அம்மாவின் அலறலில் எழுந்தபோது நன்றாக விடிந்திருந்தது. மழை விடவில்லை. எனக்கு அழுகை முட்டியது.

வெளியே முழங்கால் தண்ணீர். டாக்சிகள் எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடுரோட்டில் இறங்கினாள். ரப்பர் காட்டின் அந்தக் கோடியில் இருப்பவரைக் கூப்பிடும் குரலில் “ஓஓய்!” என்று ஒரு சத்தம் கொடுத்தாள். டாக்சி மட்டுமா, பின்னால் வந்த லாரியும் நின்றுவிட்டது.

தேர்வு அறைக்குள் நான் சொட்டச் சொட்ட நுழைந்தபோது என் பெயரைக் கடைசி முறையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஏன் தாமதம் என்று தலைமைத் தாதி மலாயில் கேட்டார். எனக்குப் பொய் வரவில்லை. மழை என்றால் எங்களுக்கு வேலை இல்லை, அதனால் தூங்கிவிட்டோம் என்றேன். மேசைக்குப் பின்னால் இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

“மருத்துவமனையில் மழை பெய்தாலும் வேலை உண்டு. வருவாயா?” என்றார் அவர்.

“மழையில்தானே வந்திருக்கிறேன்,” என்றேன்.

சிரிப்பு நின்றது. வேறு சில கேள்விகள் கேட்டுவிட்டு, சீருடைக்கு அளவு கொடுத்துவிட்டுப் போ என்றார் தலைமைத் தாதி.

அளவெடுக்க அழுதுகொண்டே கையை விரித்து நின்றேன். கதவருகே ஈரச் சேலையோடு நின்ற அம்மா சொன்னாள்: “இடுப்புல கொஞ்சம் லூசா தைக்கச் சொல்லு புள்ள. இனிமே ஒடம்பு போடுவ.”